ரிசல்ட் தெரிந்தவர்களின் சுவர்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்னொரு மனிதர் முப்பது வருஷத்துக்கு மேல் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, ஒரு சனிக்கிழமை காலையில், கடையில் நாலு பேர் நிற்கும்போது, அரை நிமிஷத்தில் கெடுத்தேன். அவர் போன வருஷம் மௌத்தாகிவிட்டார். அவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனால் அவர் என்ன இழந்தார் என்பது என்னைவிட வேறு யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ராயபுரத்தில், காசிமேட்டுக்குப் போகும் எங்கள் தெருவில், அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டெக்கு பாய் என்றால்தான் தெரியும். அந்தக் காலத்தில் வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் பெட்டிக்கு டெக்கு என்று பெயர். வாடகைக்குக் கிடைத்த டெக்குகள் படத்தை ஓட்டிக் காட்டும், அவ்வளவுதான். இவர் பர்மா பஜாரில் வாங்கி வந்தது டிவியில் வருவதைப் பதிவும் செய்யும். மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஐஸ் கம்பெனியில் அவருக்கு வேலை. கடலுக்குப் போகிற போட்டுகளுக்கு ஐஸ் பார்களை உடைத்து ஏற்றிவிடுவார். ஒரு போட்டு எவ்வளவு ஐஸ் ஏற்றுகிறது என்பதைப் பார்த்தே அது எத்தனை நாளில் திரும்பும் என்று சொல்லிவிடுவார்.

போட்டுக்காரர்கள் போனால் எட்டு நாள், பத்து நாள். உலகக் கோப்பை ஃபைனல் என்றைக்கு என்று மீனுக்குத் தெரியாது. கால்பந்தோ, கிரிக்கெட்டோ, ஒலிம்பிக்கோ, முக்கியமான ஆட்டம் நடக்கிற அன்று எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் நடுக்கடலில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் டெக்கு பாய் பதிவு செய்தார். ஆனால் பதிவு செய்யும்போது அவர் பார்க்கமாட்டார். டிவியை அணைத்துவிட்டு டெக்கை மட்டும் ஓடவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கரண்டு போனால் எழுந்து உச்சுக் கொட்டுவார். வந்தால் மறுபடி பொத்தானை அழுத்திவிட்டு முதுகைக் காட்டுவார். போட்டு கரைக்கு வந்து எல்லாரும் கூடின பிறகு, அவர்களோடு சேர்ந்துதான் அவரும் முதல் தடவை பார்ப்பார்.

அதுவரை யார் வாயிலிருந்தும் ரிசல்ட் வரக்கூடாது. அது தெருவின் சட்டம். டீக்கடைக்காரர் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை மடித்துக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிடுவார். ரேடியோவில் செய்தி வந்தால் திருகிவிடுவார். போட்டு திரும்பும் அன்று டெக்கு பாய் துறைமுகத்துக்கே போய் நிற்பார். வலையை இறக்கும்போதே அவர்களிடம், எவனோடும் பேச்சு குடுக்காமல் நேராக வீட்டுக்கு வாங்கடா என்பார். குளித்து, சாப்பிட்டு, பத்து நாள் களைப்பு முகத்தில் தெரிய அவர் வீட்டுக் கூடத்தில் வந்து குந்துவார்கள். மீன் விற்கிற பெண்களும் என்னைப் போன்ற பெண்பிள்ளைகளும் வருவோம். யார் வந்தாலும் இடம் உண்டு.

ரிசல்ட் தெரிந்தவர்களுக்கும் உண்டு. ஆனால் அவர்களுக்குச் சுவர்ப் பக்கம். எங்கேயோ நேரலையில் பார்த்துவிட்டு மறுபடி பார்க்கும் ஆசையில் வருகிறவர்கள் டிவிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சத்தத்தை மட்டும்தான் கேட்கலாம். போட்டு ஓனரே ஆனாலும் அப்படித்தான். ஒரு தடவை அவர் கோபித்துக்கொண்டார். நான் என்ன வாயைத் திறந்து சொல்லிவிடவா போகிறேன் என்று கேட்டார். அதற்கு டெக்கு பாய் சொன்னது தெருவில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

"வாய மூடிக்கலாம் மொதலாளி. மூஞ்ச எப்டி மூடுவ? தெரிஞ்ச மூஞ்சி பேசிடும். சொவுத்த பாத்துகினு குந்து."

ஓனர் குந்தினார். டீ கொடுத்தார்கள். அவர் சுவரைப் பார்த்தே குடித்தார்.

விளம்பரம் வந்தால் வேகமாக ஓட்டவிடமாட்டார். சோப்பு, சைக்கிள், பல்பொடி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். நேரலையில் பார்த்தவன் ஓட்டிவிட்டா பார்த்தான் என்பார். நடுவில் கரண்டு போயிருந்தால் கேசட்டில் கோடு கோடாக ஓடும். அந்தக் கோட்டையும் எல்லாரும் பொறுமையாகப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில்தான் யார் ஜெயிப்பார்கள் என்ற சண்டை உச்சத்தில் இருக்கும்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பி.டி. மாஸ்டர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். ஏதோ ஒரு கால்பந்து ஆட்டத்தில் பெனால்டி அடிக்கும்போது டெக்கு பாய் கண்ணை மூடி துவா செய்துகொண்டிருந்தார். அந்த ஆட்டம் முடிந்து ஒன்பது நாள் ஆகிறது, கோப்பையை வாங்கினவன் ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பான், இப்போது வேண்டிக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று மாஸ்டர் கேட்டார். டெக்கு பாய் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அவனுக்கு முட்ஞ்சிச்சி. நம்மளுக்கு இன்னும் முடிலபா."

இது விளையாட்டோடு நிற்கிற குணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று அந்த அம்மா பழவேற்காட்டில் அக்கா வீட்டில் இருந்தார். இவர் கவரை வாங்கினார். பிரிக்கவில்லை. நர்ஸ் வாயெடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நேராக பஸ் ஏறினார். அங்கே போய், மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பிரித்தார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. அவ்வளவு தூரம் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்து போனாரோ. நானாக இருந்தால் ஆஸ்பத்திரி வாசல் தாண்டுவதற்குள் பிரித்திருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அப்போது நான் தண்டையார்பேட்டையில் ஒரு கேசட் வாடகைக் கடையில் வேலை பார்த்தேன். காலி கேசட் வாங்க அவர் என்னிடம்தான் வருவார். பதிவு செய்த கேசட்டின் மேல் ஒட்டும் சீட்டில் என்னைத்தான் எழுதச் சொல்வார். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. என்ன ஆட்டம், என்றைக்கு, யாருக்கும் யாருக்கும் என்று மட்டும் எழுத வேண்டும். என் கையெழுத்தில் அப்படி அலமாரி நிறைய கேசட்டுகள் இருந்தன.

இனி என் அண்ணனைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறது.

அண்ணன் போட்டுக்குப் போகிறவன். குத்துச்சண்டைப் பைத்தியம். எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்கு ஒருவருக்குப் பிடிக்கிற பைத்தியம்தான். கிளப்பில் மணல்மூட்டையைக் குத்திக் குத்தி முட்டி காய்த்துப் போயிருக்கும். மாவட்டப் போட்டிவரை போய் இரண்டு தடவை தோற்று வந்தான். மூக்கு மட்டும் வளைந்தது. டெக்கு பாய்க்கு அவன்தான் தோஸ்து. வயதில் பதினைந்து வருஷம் வித்தியாசம் இருந்தும் மாமு, மாமு என்று ஒட்டிக்கொண்டு திரிவான்.

அந்த வருஷம் ஒலிம்பிக்கில் மிடில் வெயிட் செமி ஃபைனல்கள் இரண்டையும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். ஃபைனலுக்கு ஒரு நெட்டையனும் ஒரு குட்டையனும் வந்தார்கள். இரண்டு பேரும் ஏதோ ஏதோ நாட்டுக்காரர்கள், நம்மவர் யாரும் இல்லை. அண்ணன் நெட்டை என்றான். டெக்கு பாய் குட்டை என்றார். அந்த வாய்ச்சண்டை முடிவதற்குள் அண்ணனின் போட்டு கிளம்பும் நாள் வந்துவிட்டது. போகும்போது அவன் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மாமு, நா வர்ற வரைக்கும் எவனுக்கும் போடாத. நீயும் பாக்காத."

"நீ இல்லாம நா எப்டா பாத்தேன்?" என்றார் அவர்.

ஃபைனல் பதிவானது. சீட்டில் எழுதினேன். வழக்கமாக எழுதுவதோடு அண்ணன் பேரையும் எழுதச் சொன்னார், எழுதினேன். பத்தாம் நாள் போட்டு வந்தது. அண்ணன் வரவில்லை.

போட்டில் ஏதோ கோளாறு ஆகி விசாகப்பட்டினத்தில் ஒதுங்கினார்களாம். அங்கே இறங்கினவன், நீங்கள் போங்கள், பின்னால் வருகிறேன் என்றானாம். பிறகு ஒரு கடிதம் வந்தது. அங்கேயே ஒரு போட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், ஒரு பெண்ணோடு குடும்பமும் ஆகிவிட்டது, தேட வேண்டாம். இங்கே அவனுக்கு எங்கள் மாமன் மகளோடு நிச்சயம் முடிந்து பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அம்மா அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டாள். தெருவில் கேட்டால் அங்கிருந்து அந்தமானுக்குப் போய்விட்டான், கம்பெனி போட்டில் வேலை, ஒப்பந்தம் முடிந்து வருவான் என்று சொல்லச் சொன்னாள். மாமன் வீட்டுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர்களும் தங்கள் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டார்கள்.

தெரு ஓரிரு வருஷத்தில் புரிந்துகொண்டது. கேட்பதை விட்டுவிட்டது. டெக்கு பாய் மட்டும் விடவில்லை. போட்டுக்காரர்கள் அந்த ஃபைனலைப் போடச் சொல்லி நச்சரித்தபோது, அவன் வரட்டும் என்றார். நச்சரித்தவர்கள் மறந்தும் போனார்கள். இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் குத்திக்கொண்டதை எத்தனை நாள் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அவர் அந்தக் கேசட்டைத் துணியில் சுற்றி, கடல் காற்று படாமல் பீரோவில் வைத்தார்.

ஒவ்வொரு வருஷமும் மீன்பிடித் தடைக்காலம் வரும். போட்டுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். வெளியே போனவர்கள் ஊருக்கு வருவார்கள். அந்தச் சமயத்தில் என்னை எங்கே பார்த்தாலும் நின்று கேட்பார்.

"இன்னாமா, உங்க அண்ணன் இந்த வாட்டி வர்றானா?"

"அடுத்த வாட்டி வரேன்னு சொல்லிகிறான் பாய்."

முதலில் அம்மாவுக்காகச் சொன்னேன். அம்மா போன பிறகு அதைச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. நாக்கு பழகிவிட்டது, அதுதான் உண்மை. அண்ணன் அந்தமானில் இல்லை, ஒரு ராத்திரி ரயில் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் இருக்கிறான் என்று சொல்ல நூறு தடவை சந்தர்ப்பம் கிடைத்தது. நூறு தடவையும் "அடுத்த வாட்டி" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார். போட்டு திரும்பும் நாளை ஐஸைப் பார்த்தே சொல்லுகிற மனிதர், என் முகத்தைப் பார்த்து ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று யோசித்திருக்கிறேன். தெரிந்த மூஞ்சி பேசிவிடும் என்று சொன்னவர் அவர்தான். என்னை அவர் அந்தக் கண்ணோடு பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

செல்போன் வந்த பிறகு அண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் என்னோடு பேச ஆரம்பித்தான். ஒரு தடவை நானாக டெக்கு பாய் பேச்சை எடுத்தேன். அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது என்றேன். அவன் சிரித்தான். அந்த ஃபைனலையா, அதை அன்றைக்கே இங்கே ஹார்பர் வாசலில் ஒரு டீக்கடையில் நின்று நேரலையில் பார்த்துவிட்டேனே என்றான். வாக்கு வாங்கிக்கொண்டு போனவன் மூன்றாம் நாளே பார்த்துவிட்டான். இதையும் நான் டெக்கு பாயிடம் சொல்லவில்லை.

வாடகைக் கடைகள் போயின. நானும் என் கணவரும் தண்டையார்பேட்டையில் அதே சாலையில் ஒரு ஸ்டூடியோ வைத்தோம். கேமரா அவர் பக்கம், கம்ப்யூட்டர் என் பக்கம். பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரப்படும் என்று போர்டு மாட்டினோம். கல்யாணக் கேசட், காதுகுத்துக் கேசட் என்று எல்லாம் பூஞ்சை பிடித்து வரும். பிரித்து, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, எங்களிடம் இருக்கிற ஒரே நல்ல டெக்கில் போட்டு ஏற்றுவேன்.

ஒரு நாள் டெக்கு பாய் வந்தார். முதுகு வளைந்துவிட்டது. மணலியில் வேலை பார்க்கும் மகன், வீட்டை வெள்ளையடிக்கும்போது டெக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டானாம். அலமாரி கேசட்டுகளும் அதோடு போயின. பீரோவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதைத் துணியோடு என் மேஜையில் வைத்தார். என் கையெழுத்தில் என் அண்ணன் பேர்.

"டிவிய அணைச்சிட்டு ஏத்துமா. நீ பாத்துட்டா எனுக்கு உன் மூஞ்ச பாக்க முடியாது," என்றார். அண்ணன் வரும்போது டெக்கு இல்லை என்று சொல்லக்கூடாதல்லவா, அதற்காகத்தான் என்றும் சொன்னார்.

சரி பாய் என்றேன். பார்த்தேன். பார்க்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு ரவுண்டு ஓரளவு தெளிவாக இருந்தது. மூன்றாவது ரவுண்டில் படம் உருள ஆரம்பித்து, கோடு விழுந்து, வெறும் புள்ளியாகிவிட்டது. எவ்வளவு துடைத்தும் வரவில்லை. இணையத்தில் தேடினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதே ஃபைனல், முழுசாக, அவருடைய கேசட்டைவிட நூறு மடங்கு தெளிவாக இருந்தது. அது மட்டுமா, அந்த ஒலிம்பிக்கே அங்கே கிடந்தது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பதிவு செய்த எல்லாமே கிடந்தது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். தலைப்பிலேயே ஜெயித்தவன் பெயர் இருந்தது. முகப்புப் படத்தில் நடுவர் அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பார்க்காமல் பொத்தானை அழுத்தக்கூட வழியில்லை.

கடைசி ரவுண்டை அதிலிருந்து எடுத்துக் கேசட் படத்தோடு ஒட்டினேன். நல்ல வேலைதான் செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை முகூர்த்த நாளுக்கு முந்தின நாள். ஆல்பம் தாமதமாகிவிட்டது என்று போன மாசம் கல்யாணமான ஒரு மாப்பிள்ளைப் பையன் நண்பர்களோடு வந்து கத்திக்கொண்டிருந்தான். நடுவில் டெக்கு பாய் நுழைந்தார். ஏற்றிவிட்டாயா என்று கேட்டார். ரிசல்ட்டை மட்டும் சொல்லிவிடாதே என்றார். மாப்பிள்ளைப் பையனுக்குச் சுவாரசியம் வந்தது, என்ன ஏது என்று விசாரித்தான். எந்த வருஷம் என்று சொல்லுங்கள் பாய், இரண்டு செகண்டில் எடுத்துத் தருகிறேன் என்று போனைத் தூக்கினான். டெக்கு பாய் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. கஸ்டமர்கள் முன்னால் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற கிழவர் எனக்குத் தெரிந்தவர் என்பது அவமானமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவள் நான், வெட்கப்பட்டதோ அவருக்காக. கூடவே கோபமும் வந்தது. யாருக்கு நாம் துரோகம் செய்தோமோ அவர்மேல்தான் நமக்கு அப்படிக் கோபம் வரும். நான் பேச வாயெடுத்ததைப் பார்த்து அவர் காதிலிருந்து கையை எடுத்தார். நான் சொல்லமாட்டேன் என்று நம்பித்தான் எடுத்தார்.

"குட்டை ஜெயிச்சிட்டான் பாய். அண்ணன் அந்தமான்லயும் இல்ல, ஒண்ணும் இல்ல. விசாகப்பட்டணத்துல பொண்டாட்டி புள்ளையோட கீறான். இந்த மேட்ச அவன் அன்னிக்கே அங்க டீக்கடைல நின்னுகினு பாத்துட்டான். அவன் வரமாட்டான்."

மாப்பிள்ளைப் பையன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

குட்டை ஜெயிச்சான் என்றால் அவர் சொன்ன ஆள்தான் ஜெயித்தான். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அன்னிக்கேவா?" என்றார்.

"ஆமா பாய்."

மேஜையில் இருந்த கேசட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"நின்னுகினேவா பாத்தான்? குந்த எடம் குடுக்கலியா?"

அவர் அந்தக் கேசட்டைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பென்டிரைவை எடுத்துக்கொள்ளவில்லை. வரேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்த ஆள் இன்னுமா அதை வைத்திருக்கிறார் என்று ஆச்சரியப்பட்டான். ஒரு தடவை அவரோடு பேசுடா என்றேன். பேசுகிறேன் என்றான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றான். அந்த வார்த்தை எனக்குப் பழக்கமானதுதான்.

மூன்று வாரம் கழித்து டெக்கு பாயின் மருமகள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா உங்களை வரச் சொன்னார், பென்டிரைவை எடுத்து வரச் சொன்னார் என்றாள். தடைக்காலம் அது. தெருவே ஆண்களால் நிறைந்திருந்தது. அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே போட்டுக்காரப் பிள்ளைகள் பதினைந்து பேர் தரையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒலிம்பிக் நடந்தபோது அவர்களில் பாதிப் பேர் பிறந்திருக்கவில்லை. பெரிய டிவி வாங்கியிருந்தார்கள். எல்லார் போனையும் வாங்கி ஒரு சாப்பாட்டுக் கூடையில் போட்டு மருமகள் சமையலறையில் வைத்திருந்தாள்.

வாசலில் நின்றேன். டெக்கு பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் பழைய மாதிரியே தலையை ஆட்டினார்.

"வாமா. ரூல்ஸு தெரியும்ல?"

தெரியும். பென்டிரைவை மருமகளிடம் கொடுத்துவிட்டு, டிவிக்கு எதிர்ப்புறச் சுவரிடம் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். புதுசாக அடித்த பச்சைச் சுண்ணாம்பு. ஒரு ஆணி. வேறு ஒன்றும் இல்லை. போட்டு ஓனர் இங்கேதான் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக எனக்கு நிம்மதியாக இருந்தது. தண்டனை கிடைத்துவிட்டது, இனிமேல் அவர் தன் ஆட்டத்தைப் பார்ப்பார், அதோடு இது தீர்ந்தது என்று நினைத்தேன்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டெக்கு பாய் அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் போட்டார். சுவரைப் பார்க்கப் போட்டு, மெல்ல உட்கார்ந்தார்.

"பாய், நீ இன்னாத்துக்கு அங்க போய் குந்துற?" என்று ஒருவன் கேட்டான்.

"எனுக்கும் தெரியுமே," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என்னைக் குத்திக்காட்டும் குரல் இல்லை. சட்டம் சட்டம்தான் என்கிற குரல். மூன்று வாரமாக அவருக்கு ஒரு ஆட்டத்தின் சுவையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஆட்டத்தையே அவர் பார்க்க முடியாமல் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பாருங்கள் பாய், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றேன். கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"மேட்சு ஓடிகினு கீது. பேசாத."

மணி அடித்தது. முதல் ரவுண்டு. பின்னால் பையன்கள் நெட்டை, குட்டை என்று இரண்டாகப் பிரிந்துகொண்டார்கள். கையுறை படும் சத்தத்தைக் கேட்டு அவர் தோள் லேசாக அசைந்தது. விளம்பரம் வந்தது. எவனோ ஓட்டுடா என்றான். திரும்பாமலே, ஓட்டாதே என்றார். ஒரு பழைய சோப்புப் பாட்டு முழுசாக ஓடியது. மூன்றாவது ரவுண்டு வந்ததும் வர்ணனைக் குரல் மாறியது, இந்தி போய் ஏதோ ஒரு மொழி வந்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் பூஞ்சை அரித்துவிட்டது பாய், வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினேன் என்று மெதுவாகச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி சுவரைப் பார்த்தார்.

கடைசி மணி அடித்தது. நடுவர் அந்த இரண்டு பேரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிற நேரம் அது. இருப்புக் கொள்ளாமல் ஒரு பையன் எழுந்து எங்கள் பக்கம் வந்து அவர் தோளைப் பிடித்தான்.

"யாரு பாய்? நெட்டையா, குட்டையா? நீ சொல்லிடு பாய்."

டெக்கு பாய் சட்டென்று இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டார். கைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒங்களுக்கு இன்னும் முடிலபா. போய் பாரு."

முன்பெல்லாம் அவர் நம்மளுக்கு என்றுதான் சொல்வார்.